பலர்க்காக ஒருவர் தொடுக்கும் வழக்கு

முறைவேண்டிச் சென்றோரைப் பற்றி நம் நாட்டில் வழங்கும் பழங்கதைகளை நினைவுகூருவோமாயின், அவற்றுள் முறையிடுவோர் பெரும்பாலும் ஒருவராகவே இருத்தல் விளங்கும். கன்றையிழந்த பசு தனியே சென்று ஆராய்ச்சி மணியை அசைத்தது. கணவனையிழந்த கண்ணகி தனியே சென்று பாண்டியன் வாயிலில் நின்றாள். வேதாகம உவமையில் வரும் விதவையும் தனியொருத்தியாகவே நியாயாதிபதியிடம் விடாது சென்றாள். வழக்கென்பது ஒருவர்க்கும் மற்றொருவர்க்கும் இடையே நிகழ்வதொன்று என்னும் எண்ணம் இக்கதைகளால் நம் உள்ளத்தில் ஊறிப்போயிற்று.

ஆனால் இக்காலத்து அநீதிகளுட் பல அத்தன்மையன அல்ல. பெரியதோர் அநீதி ஒருவர் தலையில் விழாமல், ஆயிரம் பேர் தலையில் ஆயிரங் கூறாகப் பிரிந்து விழுகின்றது. உதாரணமாக, ஓர் ஆலையில் ஆயிரம் பேர் வேலைசெய்கின்றனர் என்றும், சட்டப்படி தரவேண்டிய கூலியில் நாளொன்றுக்குப் பத்து ரூபாய் அவர்கட்குக் குறைக்கப்படுகின்றது என்றும் வைத்துக்கொள்வோம். முந்நூறு வேலைநாட்களில் ஒருவர் இழப்பது மூவாயிரம் ரூபாய். அதனைத் திரும்பப் பெறுதற்கு ஒரு வக்கீலை அமர்த்தி, வேலையைக் கெடுத்துக்கொண்டு, கோவிற்பட்டியிலிருந்து தூத்துக்குடிக்குப் பலமுறை பஸ்ஸேறிச் சென்றால், பெறுவதினும் செலவழிவதே மிகுதியாகும். ஆகவே கணக்கறிந்த எவரும் வழக்கிற்குச் செல்லார். குறைத்தவர் கையிலோ ஆண்டுதோறும் முப்பது லட்சம் ரூபாய் மிஞ்சும். விதைப்பொட்டலத்தில் முளைப்புத் திறன் குன்றியிருத்தலும், நிறுவையில் சிறிது குறைதலும், கட்டணத்தில் ஐந்தோ பத்தோ கூடுதலாக ஏறியிருத்தலும் இவ்வகையினவே. தனித்தனியே நோக்கின் அற்பம். ஒன்றுசேர நோக்கின் கொள்ளை.

இதற்குப் பரிகாரமாகச் சட்டநூலார் கண்ட வழியே, ஒத்த நலமுடைய பலர்க்காக ஒருவரோ சிலரோ முன்னின்று வழக்குத் தொடுத்தல். இதனைக் கூட்டுவழக்கு என்றும் பிரதிநிதி வழக்கு என்றும் கூறுவர். இவ்வழி புதியதென்றும், அமெரிக்க தேசத்திலிருந்து அண்மையில் நம்மிடம் வந்ததென்றும் மாணவருட் சிலர் கருதுகின்றனர். அஃது உண்மையன்று. இங்கிலாந்தின் சான்ஸரி நியாயஸ்தலங்களில் இது நெடுங்காலம் வழங்கிவந்தது. நம் நாட்டில் 1877-ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டத்தில் 30-ஆம் பிரிவாக இடம்பெற்று, 1908-ஆம் ஆண்டின் சட்டத்தில் முதற் கட்டளையின் எட்டாம் விதியாக அமைந்து இன்றளவும் நிலைத்துள்ளது. அமெரிக்காவில் இவ்வழக்கிற்குரிய இருபத்துமூன்றாம் விதி 1938-இல் தோன்றி, 1966-இல் திருத்தம்பெற்ற பின்னரே இக்கால உருவத்தை எய்திற்று. விதியளவில் நாம் பிந்தியவர் அல்லேம். கையாண்ட அளவிலேதான் பிந்தினோம்.

எட்டாம் விதியின் உட்கருத்தைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். முன்னிற்பவர்க்கும் ஏனையோர்க்கும் அவ்வழக்கில் ஒரே நலம் இருத்தல் வேண்டும். கோர்ட்டாரின் அநுமதி வேண்டும். இவ்விரண்டினும் முக்கியமானது மூன்றாவது. யாருக்காக வழக்கு நடக்கின்றதோ அவர் அனைவர்க்கும் அறிவிப்புச் செல்லுதல் வேண்டும். ஆள் மிகுதியால் நேரிற் கொடுக்க இயலாதாயின் பொது விளம்பரத்தாலேனும் அறிவித்தல் வேண்டும். அறிவிப்பைக் கண்டவருள் எவரும் தம்மையும் கட்சிக்காரராகச் சேர்க்குமாறு கேட்கலாம். முன்னின்றவர் எதிரியோடு இரகசியமாக ராஜிசெய்துகொண்டு வழக்கைக் கைவிட இயலாது; அதற்கும் எல்லோர்க்கும் அறிவிப்பு வேண்டும். இவ்வளவு காவல் எதன்பொருட்டெனின், தீர்ப்பு எதுவாயினும் அஃது அனைவரையும் கட்டுப்படுத்தும் என்பதன்பொருட்டே. என் பெயரால் ஒருவர் தோற்றால் யானும் தோற்றவனாகின்றேன். ஆதலின் என் பெயரைக் கையாளுமுன் என்னிடம் ஒரு சொற் கூறுதல் கடமையன்றோ?

இவ்விதி பயன்பட்டமைக்கு நம் சென்னையிலேயே சிறந்த உதாரணம் உண்டு. அசோக்நகரில் தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் குறைந்த வருவாயுடையோர்க்கு வீடுகளை ஒதுக்கியது. விலை முடிவாகி, மக்கள் குடியேறிப் பல்லாண்டு கழிந்தபின், வாரியம் மேலும் பணம் கேட்டது. ஒதுக்கீடு பெற்ற ஒருவர் அனைவர்க்குமாக வழக்கிட்டார். ஒவ்வொருவரோடும் செய்த ஒப்பந்தம் தனித்தனியானது. ஆகையால் ஒரே வழக்காகத் தொடுத்தல் தகாது என்று வாரியம் வாதித்தது. 1990-இல் சுப்ரீம் கோர்ட்டு அவ்வாதத்தை ஏற்கவில்லை. ஒப்பந்தங்கள் பலவாயினும், கேட்கும் கேள்வி எல்லார்க்கும் ஒன்றாயிருப்பின் போதும் என்று நியாயாதிபதிகள் கூறினர். வழக்கின் காரணம் ஒன்றாயிருத்தல் வேண்டா, நலம் ஒன்றாயிருத்தலே வேண்டுவது என்று 1976-இல் அவ்விதிக்குச் சேர்க்கப்பட்ட விளக்கமும் அவர்கட்குத் துணைநின்றது. இவ்வொரு தீர்ப்பைச் செவ்வையாக உணர்ந்தவர் கூட்டுவழக்கின் இலக்கணத்தில் முக்காற் பங்கை உணர்ந்தவராவர்.

அமெரிக்கரின் முறை இதனின் ஓரளவு வேறுபட்டது. அங்கே பணத்தைக் குறித்த வழக்குகளில், யான் விலகுகின்றேன் என்று எழுதித் தாராதவர் எல்லாம் உள்ளடங்கியவராகக் கருதப்படுவர். கூட்டம் அளவிறந்து பெருகின் அங்கேயும் இடர் உண்டு. வால்மார்ட் என்னும் வாணிகக் கம்பெனியில் வேலைசெய்த ஏறக்குறைய பதினைந்து லட்சம் பெண்களின் பெயரால் நடந்த வழக்கை, அவர்களனைவர்க்கும் பொதுவான கேள்வி இன்னதென்று நாட்டப்படவில்லை என்று கூறி, 2011-இல் அந்நாட்டு உச்ச நியாயஸ்தலம் கூட்டுவழக்காக ஏற்க மறுத்தது.

இனித் தொழிலாளர் பக்கம் திரும்புவோம். நம் தென்பாண்டிச் சீமையில் தொழிலாளர் ஒருங்குகூடி நியாயங் கேட்ட முதல் நிகழ்ச்சிகளுள் ஒன்று 1908-ஆம் ஆண்டு தூத்துக்குடிக் கோரல் ஆலையில் நிகழ்ந்த வேலைநிறுத்தம். அதற்குத் துணைநின்ற வ. உ. சிதம்பரம் பிள்ளை ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர், கரிசற் சீமைக்கு உரியவர், தொழிலால் வக்கீல். கூலியுயர்வையும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையையும் தொழிலாளர் சில நாட்களில் பெற்றனர். வழக்குத் தொடுப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், இவ்விஷயத்தில் வழக்கை நாடாமல் வேலைநிறுத்தத்தை நாடியது நம் கருத்திற்குரியது. அக்காலத்தில் தொழிலாளர் கூட்டமாகச் சென்று தட்டுதற்கு எந்தக் கோர்ட்டின் கதவும் இல்லை. 1926-இல் தொழிற்சங்கச் சட்டமும், 1947-இல் தொழிற்றகராறுச் சட்டமும் வந்த பின்னர், சங்கமே பலர்க்காகப் பேசும் வாயாயிற்று. ஒரு தொழிலாளியை வேலையினின்று நீக்கியதுகூட, ஏனைய தொழிலாளர் அதனைத் தமதாக ஏற்றாலன்றித் தொழிற்றகராறு ஆகாது என்னும் நிலை 1965-இல் சட்டம் திருத்தப்படும் வரை இருந்தது. இப்பழைய சட்டங்களினிடத்தில் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலுறவுத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது.

சங்கம் உள்ள இடத்தில் இவ்வேற்பாடு நன்று. சங்கம் இல்லாத இடத்தில் யார் பேசுவது? ஈண்டுத்தான் நம் கரிசற்காட்டின் கதை தொடங்குகின்றது.

கோவிற்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர், சிவகாசி ஆகிய பகுதிகளைக் கோடைக்காலத்தில் கடந்து சென்றவர், பாளம்பாளமாக வெடித்துக்கிடக்கும் கருநிலத்தைக் கண்டிருப்பர். வற்றாத ஆறில்லை, பெருங்குளங்களும் அரிது. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் விதைப்பர். அம்மழை பொய்த்தால் அடுத்த ஆண்டு வரை நிலத்தில் வேலையில்லை. நீரின்மையும் வறண்ட காற்றும் உழவுக்குப் பகை. தீப்பெட்டித் தொழிலுக்கோ அவையே நட்பு. சிவகாசியிலிருந்து கல்கத்தா சென்று தொழில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923-இல் தொடங்கிய அத்தொழில், சில பத்தாண்டுகளில் கோவிற்பட்டிச் சீமையெங்கும் பரவிற்று. கையாற் செய்யும் சிறு தொழிற்சாலைகட்கு எக்ஸைஸ் வரியிற் சலுகை கிடைத்தமையால், அவை எண்ணிறந்து பெருகின. ஊரார் அவற்றைத் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ் என்பர். ஆபீஸுக்குப் போகும் பிள்ளை என்று கரிசற்காட்டார் சொன்னால், வெளியூரார் வேறு பொருள் கொண்டு மகிழ்ந்ததும் உண்டு.

தீக்குச்சிகளை ஒவ்வொன்றாகச் சட்டத்தில் வரிசைப்படுத்தும் வேலையைக் கட்டை அடுக்குதல் என்பர். அதற்குச் சிறு விரல்களே ஏற்றவை என்று சொல்லப்பட்டது. பெட்டி ஒட்டுதலும் லேபிள் ஒட்டுதலும் அவ்வாறே. எத்தனை கட்டையோ அத்தனைக்குக் கூலி. விடியுமுன் ஊர்தோறும் வண்டிகள் வந்து, உறங்கும் குழந்தைகளை எழுப்பி ஏற்றிச் சென்றன. இச்செய்தி பத்திரிகைகள் வாயிலாக நாடெங்கும் பரவிற்று. 1983-இல் வெளிவந்த ஸ்மிது கோத்தாரியின் ஆராய்ச்சிக் கட்டுரையும், 1990-இல் சலம் பென்னூர்க்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்னும் செய்திப்படமும் இதனை வெளியுலகிற்குக் காட்டின. பதினான்கு வயதிற்குட்பட்ட குழந்தையைத் தொழிற்சாலையில் வேலைக்கு வைத்தலாகாதென்று நம் அரசியற் சட்டத்தின் 24-ஆம் பிரிவு 1950 முதற்கொண்டே கூறுகின்றது. கூறிய சட்டமும் இருந்தது. வண்டியும் விடியுமுன் வந்துகொண்டிருந்தது.

1986-இல் டில்லி வக்கீல் எம். சி. மேத்தா என்பார் அரசியற் சட்டத்தின் 32-ஆம் பிரிவின்கீழ் சுப்ரீம் கோர்ட்டிலே ஒரு மனுவைத் தாக்கல்செய்தார். அது 465-ஆம் எண்ணுள்ள ரிட் மனு. எதிர்மனுதாரர் தமிழ்நாட்டு அரசாங்கம். குழந்தைத் தொழிலாளர் சட்டமும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் அதே 1986-இல் நிறைவேறியவை என்பதையும் ஈண்டுக் குறிக்கலாம். இம்மனு முற்கூறிய எட்டாம் விதியின்படி எழுந்ததன்று. பொதுநல வழக்கு என்னும் புதிய நெறியைச் சார்ந்தது. அந்நெறியில், பாதிக்கப்பட்டவரே வரவேண்டுவதில்லை. அவர்பொருட்டு நல்லெண்ணமுடைய பிறர் வரலாம். அநுமதி கேட்பதும் அறிவிப்புச் செய்வதுமாகிய கட்டாயங்கள் இல்லை. வாய்திறக்க இயலாத ஏழைக்கு இது பேருதவி. எட்டாம் விதியை நம்பியிருந்தால், கட்டை அடுக்கும் ஒன்பது வயதுச் சிறுமி எந்நாளில் கோர்ட்டுக்கு வந்திருப்பாள்?

முதல் தீர்ப்பு 1990 அக்டோபர் 31-இல், தலைமை நியாயாதிபதி ரங்கநாத் மிஸ்ரா, நியாயாதிபதி எம். எச். கனியா ஆகியோரால் கூறப்பட்டது. 1985 டிசம்பர் 31-இல் அப்பகுதியிலுள்ள பதிவுபெற்ற தீப்பெட்டித் தொழிற்சாலைகள் 221 என்றும், தொழிலாளர் 27,338 பேர் என்றும், அவருட் குழந்தைகள் 2,941 பேர் என்றும் அதிற் குறிக்கப்பட்டுள்ளது. பத்தில் ஒருவர்க்குச் சற்று மேல் என்று ஆகிறது. பதிவுபெறாத கொட்டகைகளிலும் வீட்டுத் திண்ணைகளிலும் இருந்தவர் இத்தொகையுள் அடங்கார். நேரிற் சென்று ஆராய்ந்தோர் கூறிய தொகைகள் இதனினும் பன்மடங்கு பெரியவை. கூட்டுவழக்கில் தலையெண்ணுதல் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இதுவே சான்று. எண்ணப்படாதவர் தீர்ப்பின் நிழலுக்கு வெளியே நிற்கின்றனர்.

அத்தீர்ப்பு, மருந்து கையாளும் வேலையில் குழந்தைகளை வைத்தலாகாதென்றது. ஆனால் உற்பத்தி நடக்கும் இடத்திற்கு அப்பால், பெட்டிகளைக் கட்டும் வேலையில் வைக்கலாம் என்று அநுமதித்தது. ஒத்த வேலைக்கு வயதுவந்தோர் பெறும் குறைந்தபட்சக் கூலியில் நூற்றுக்கு அறுபதுக்குக் குறையாமல் தருக என்றது. தொழிலாளர் அனைவர்க்கும் ஐம்பதினாயிரம் ரூபாய் இன்ஷியூரன்ஸ் செய்க என்றது. கல்விக்கும் விளையாட்டிற்கும் வசதி செய்க என்றது. இதனைப் படித்தபோது எனக்கு உண்டான மனக்குறையை மறைக்க விரும்பவில்லை. குழந்தையை வேலையினின்று மீட்க எழுந்த மனு, குழந்தையின் வேலைக்குக் கூலி நிர்ணயிப்பதில் முடிந்தது. அந்நியாயாதிபதிகள் இரக்கமற்றவரல்லர்; கூலி நின்றால் அடுப்பெரியாதென்னும் வாதம் அவர்களை அசைத்திருத்தல் கூடும். அவ்வாதத்திற்கு விடை ஒரு கூலிவிகிதமன்று.

அவ்விடை ஆறாண்டு கழித்து வந்தது. 1991-இல் சிவகாசிப் பட்டாசுத் தொழிற்சாலையொன்றில் நேர்ந்த விபத்தைப்பற்றிய செய்தியைக் கண்ட கோர்ட்டார், தாமாகவே அதனைக் கையிலெடுத்து, ஆர். கே. ஜெயின், இந்திரா ஜெய்சிங், கே. சி. துவா ஆகிய மூன்று வக்கீல்களைக் கொண்ட குழுவை அமைத்தனர்; அக்குழுவினர் அவ்வாண்டு நவம்பரில் தம் அறிக்கையை அளித்தனர். 1996 டிசம்பர் 10-ஆம் நாள், நியாயாதிபதிகள் குல்தீப் சிங், பி. எல். ஹன்சாரியா, எஸ். பி. மஜ்முதார் ஆகிய மூவரும் தீர்ப்புக் கூறினர். சிவகாசியைப் பற்றியதாய்த் தொடங்கிய வழக்கு அன்று இந்தியா முழுவதையும் பற்றியதாக விரிந்தது. பிரோசாபாத்தின் கண்ணாடி, மொராதாபாத்தின் பித்தளை, மிர்ஜாப்பூரின் கம்பளம், அலிகாரின் பூட்டு, சூரத்தின் வைரம், மார்க்காப்பூரின் சிலேட்டு முதலிய தொழில்களுடன் சிவகாசியின் தீப்பெட்டியும் முதற்கண் கவனிக்க வேண்டியவற்றின் வரிசையில் வைக்கப்பட்டது.

தீர்ப்பின் நடு எலும்பு இதுவாகும். சட்டத்திற்கு மாறாகக் குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி, குழந்தையொன்றுக்கு இருபதினாயிரம் ரூபாய் நஷ்டஈடு செலுத்துதல் வேண்டும். அக்குழந்தைக்கு மாறாக அக்குடும்பத்தில் வயதுவந்த ஒருவர்க்கு அரசாங்கம் வேலை தேடித் தருதல் வேண்டும். அஃது இயலாதாயின் அரசாங்கம் ஐயாயிரம் ரூபாயைச் சேர்த்தல் வேண்டும். ஆக இருபத்தையாயிரமும் ஒரு நிதியாகி, அதன் வட்டி, குழந்தை பள்ளிக்குச் செல்லும் வரை குடும்பத்திற்குக் கிடைக்கும். ஆறு மாதத்திற்குள் எல்லா ஊர்களிலும் கணக்கெடுத்தல் வேண்டும். வறுமையே காரணமென்றால் வறுமைக்கு ஈடு செய்க. குழந்தையை அதற்கு ஈடாக்காதே என்பது இதன் கருத்து. முன் தீர்ப்பினின்று இது வெகுதூரம் வந்துவிட்டது.

ஆயினும் கணக்கிட்டுப் பார்ப்போம். இருபத்தையாயிரத்திற்கு ஆண்டு வட்டி நூற்றுக்குப் பன்னிரண்டு என்று தாராளமாகவே கொண்டாலும், மாதம் இருநூற்றைம்பது ரூபாயே வரும். ஒரு குடும்பம் இதனைக் கொண்டு பிள்ளையின் கூலியைத் துறக்கவேண்டும். வேலையா, ஐயாயிரமா என்று அரசாங்கத்திற்கு விடப்பட்ட தெரிவில், ஐயாயிரமே எளிது என்பதை அறிதற்குப் பெரிய புத்தி வேண்டுவதில்லை. மற்றொரு குறையும் இருந்தது. 1986-ஆம் ஆண்டின் சட்டம், குடும்பத்தாரின் துணைகொண்டு வீட்டில் நடத்தும் தொழிலைத் தன் தடையினின்று விலக்கியிருந்தது. பெட்டி ஒட்டும் வேலையோ எளிதில் வீட்டிற்குக் கொண்டுசெல்லத்தக்கது. சட்டத்தின் கண் ஆபீஸின்மேல் இருந்தபோது, பசைக்கிண்ணமும் அட்டையும் திண்ணைக்குச் சென்றன. குழந்தையும் அவற்றின் பின்னே சென்றது. ஆபீஸில் அவளைக் காண ஓர் இன்ஸ்பெக்டர் வரலாம். தன் தாயின் திண்ணையில் அவளைக் காண யார் வருவார்?

கோர்ட்டார் இதனை ஏன் முன்கூட்டிக் கண்டிலர்? வழக்கில் பேசியவர் அனைவரும் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களுமாக இருந்தமையே காரணம் என்பது என் துணிபு. குழந்தைகள் மனுவில் ஒப்பமிடவில்லை. அவர்தம் தாய்மார் கேட்கப்படவில்லை. கேட்டிருந்தால், சாத்தூரிலோ கழுகுமலையிலோ ஒரு தாய், வேலை வீட்டிற்கு வந்துவிடும் ஐயா என்று ஒரே வாக்கியத்தில் சொல்லியிருப்பாள். பழைய எட்டாம் விதி கேட்ட அறிவிப்பை நாம் வீண் சம்பிரதாயம் என்று எண்ணுகின்றோம். யாருக்காகப் பேசுகின்றோமோ அவரிடமிருந்து செய்தி வருதற்குரிய வாயிலும் அதுவே என்பதை மறந்துவிடுகின்றோம். பொதுநல வழக்கு அக்கதவைத் திறந்தது. ஆனால் அவ்வாயிலை அடைத்தது.

இதனால் அவ்வழக்கு வீணாயிற்றென்று கூறேன். 1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டம் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்தது. 1988-இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள் பலரை மீட்டன. 2002-இல் கல்வி அடிப்படை உரிமையாயிற்று. 2009-இல் அதற்குரிய சட்டம் வந்தது. 2016-இல் பதினான்கு வயதிற்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்துதல் தடுக்கப்பட்டது. ஆயினும் பள்ளி நேரம் போக மிஞ்சிய பொழுதில், அபாயமற்ற குடும்பத் தொழிலில் துணைசெய்தல் இன்னும் விலக்காகவே உள்ளது. யந்திரங்கள் வந்து கட்டையடுக்கும் விரல்களைப் பெரும்பாலும் வேண்டாதனவாக்கின. இவையெல்லாம் கூடிச் செய்த மாற்றத்தில் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒரு பங்கு. இன்று கரிசற்காட்டுத் தீப்பெட்டி ஆபீஸ்களில் வேலைசெய்வோர் பெரும்பாலும் வயதுவந்த பெண்களே. ஒரு ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டி 2021 டிசம்பர் முதல் இரண்டு ரூபாய் ஆயிற்று. அவ்வொரு ரூபாயில் கட்டைக்கூலிக்கு எத்துணை சென்றது என்று ஒருவரும் ஒரு கோர்ட்டிலும் கேட்கவில்லையேல், கேட்பதற்கு வழியில்லாமை அதற்குக் காரணமாகாது.

வழியைப்பற்றிப் பேசும்போது நுகர்வோர் சட்டத்தையும் சிறிது கூறவேண்டும். நம் மாணவர்தம் குடும்பங்கட்கு இது நேரே பயன்படுவது. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவிலும், அதன் இடத்தில் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 35-ஆம் பிரிவிலும், ஒத்த நலமுடைய நுகர்வோர் பலர்க்காக ஒருவரோ பலரோ ஆணையத்தின் அநுமதி பெற்று முறையிடலாம் என்று உள்ளது. அரசாங்கமே முறையிடவும் இடமுண்டு. மாகி என்னும் உணவுப்பொருளைப்பற்றி மத்திய அரசாங்கம் 2015-இல் நெஸ்லே கம்பெனியின்மேல் ஏறக்குறைய 640 கோடி ரூபாய் கேட்டுத் தேசிய ஆணையத்தில் முறையிட்டது. அது 2024 ஏப்ரலில் தள்ளப்பட்டது. பெருந்தொகை கேட்பதால் மட்டும் வழக்கு வெல்லாது.

உழவர்க்கு இன்றியமையாத தீர்ப்பு 2012 ஜனவரியில் வந்தது. ஆந்திர தேசத்து உழவர்கள், தேசிய விதைக் கார்ப்பொரேஷன் விற்ற விதை பழுதானதென்று முறையிட்டனர். உழவர் வாணிகத்திற்காக விதை வாங்கியவர், ஆகையால் நுகர்வோரல்லர் என்று எதிர்வாதம் எழுந்தது. விதையிற் சிறிது எடுத்துவைத்துச் சோதனைச்சாலைக்கு ஏன் அனுப்பவில்லை என்ற கேள்வியும் எழுந்தது. சுப்ரீம் கோர்ட்டு இரண்டையும் ஏற்கவில்லை. உழவர் நுகர்வோரே என்றது. வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிடும் உழவரிடம், ஒரு பகுதியை வழக்கிற்கென எடுத்துவைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தல் நியாயமன்று என்றது. கரிசல் நிலத்தில் முதல் மழைக்குக் காத்திருந்து, ஈரங் காயுமுன் விதைக்க ஓடும் ஒருவரை அறிந்தோர்க்கு இதில் வியப்பில்லை.

ஆனால் அவ்வுழவர் தனித்தனியே முறையிட்டவர்கள். ஒரே கடையில், ஒரே குவியல் எண்ணுள்ள விதையை வாங்கி, ஒரே வாரத்தில் விதைத்து ஏமாந்த ஓர் ஊரார் ஏன் சேர்ந்து செல்லலாகாது? இங்கே ஓர் எச்சரிக்கை. பெங்களூர் அடுக்குமாடி வீடுகளைப்பற்றிய பிரிகேட் கம்பெனி வழக்கில் 2021 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு கூறியதாவது: எல்லார்க்குமாக முறையிடுகின்றோம் என்போர், அவ்வெல்லார்க்கும் நலம் எவ்வாறு ஒன்றாகின்றது என்பதை மனுவிலேயே விவரித்துக் காட்டுதல் வேண்டும், காட்டாவிடின் கூட்டுவழக்கு நில்லாது. எனினும் கையெழுத்திட்ட சிலர் தமக்காக மட்டும் சேர்ந்து ஒரே மனுவாக முறையிடத் தடையில்லை. ஊரில் இருபது பேரே உளராயின் இப்பிந்திய வழியே எளிது. இருநூறு பேராய்ப் பல ஊர்களிற் சிதறியிருப்பின் முந்திய வழியை நாடுதல் வேண்டும். அப்போது அநுமதியும் அறிவிப்பும் வரும்.

அறிவிப்பைப்பற்றி ஒரு வார்த்தை. நாட்பத்திரிகையின் உட்பக்கத்தில், நுண்ணெழுத்தில், சட்டத்தமிழில் ஒருமுறை அச்சிட்டால் விதி நிறைவேறிவிடும். டீக்கடையில் அப்பத்திரிகையைப் படிப்போர்கூட அப்பக்கத்தைப் பொட்டலங் கட்டுதற்கே கிழிப்பர். அக்காலத்தில் ஜப்தி செய்யும்போது தண்டோராப் போட்டனர். நஷ்டஈடு கிடைக்கும் செய்திக்கும் ஒரு தண்டோரா வேண்டாமா? அறிவிப்பைக் கிராமச் சாவடியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் ஒட்டவும், ஊர்க்கூட்டத்தில் வாசிக்கவும் உத்தரவிடுமாறு ஆணையத்தை மனுதாரரே கேட்கலாம். விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் மாணவர் அதனை வாசித்துப் பொருள் சொல்லலாம்.

மனு எழுதுவோர் திரட்டவேண்டியவை சிலவே. விதைப் பையையும் அதிலுள்ள அட்டையையும் எறியாமல் வைத்தல் வேண்டும். குவியல் எண் அதிலேதான் இருக்கும். கடைக்காரரிடம் ரசீது கேட்டு வாங்குதல் வேண்டும். ரசீதில்லாமல் நாலு ரூபாய் குறைத்துத் தருகின்றேன் என்பவரிடம் வாங்குதலாகாது. முறையீடு இரண்டாண்டிற்குள் செல்லுதல் வேண்டும். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாங்கிய இடத்தில் மட்டுமன்றி, முறையிடுவோர் வசிக்கும் ஜில்லாவிலேயே முறையிடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்திற்கு மேற்படாதாயின் கட்டணமும் இல்லை. எல்லாவற்றினும் முதன்மையானது வேளாண்மை அதிகாரியை அழைத்து வயலைக் காட்டி, அவரிடம் எழுத்தில் அறிக்கை பெறுதல். முளைக்கவில்லை என்று தெரிந்தவுடன் மறுவிதைப்பிற்காக ஏர் பூட்டுவது உழவர் இயல்பு. அந்த ஏர் பூட்டுமுன் அதிகாரி வந்து பார்த்துவிடுதல் வேண்டும், ஏனெனில் உழுதபின் ஆணையத்தின்முன் காட்டுதற்கு வயலில் ஒன்றும் இராது.